பதினேழாம் இலக்கக் கொப்பி

அத்தியாயம் 4

றிப்னா அழவில்லை. ஜெமீலுக்கு அது வசதியாக இருந்தது. அழுகிறவர்களுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு கதிரையும் அரைப் போத்தல் தண்ணீரும்தான் இருந்தன.

“கையில குடுத்த சேர். மே மாசம் அஞ்சாம் திகதி. எண்பது பக்கக் கொப்பி. மேலட்டையில பதினேழு எண்டு போட்டிரிக்கு. இப்ப ஸிராஜ் ஹாஜியார் சொல்றார், நான் கொப்பியே குடுக்கல்லயாம்.”

“ஆரிட்ட குடுத்த?”

“வினோஜா மிஸ்ஸிட்ட.”

“மிஸ் என்ன சொல்றா?”

“கீழ பாத்துக்கிட்டு நிண்டா. ஒண்டும் கதைக்கல்ல.”

கல்முனைச் சந்தைக்குப் பின்னால், போட்டோக் கொப்பிக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அறை. ‘ஆவணங்கள் சரிபார்க்கப்படும்’ என்று வாசலில் ஒரு பலகை. பத்தொன்பது வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர் ஜெமீல். கடைசி வருடங்களில் எந்தத் தாளைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல் போனது. நல்ல புள்ளி, கெட்ட புள்ளி, கள்ளப் புள்ளி எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அதற்குப் பிறகுதான் கள்ளத் தாள்கள் அவர் கண்ணில் தெளிவாகத் தெரியத் தொடங்கின.

யன்னல் ஓரத்தில் தனஞ்சயன் பணிஸ் தின்றுகொண்டிருந்தான். பாண்டிருப்புத் தமிழன். ஜெமீலின் உதவியாளன், ஆட்டோ ஓட்டுநர், வாய் மூடாதவன்; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல அவரைக் ‘காக்கா’ என்பான். பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடத்தை இரண்டு தரம் படித்துவிட்டு வெளியே வந்தவன்.

“என்ன படிப்பு தங்கச்சி?” என்றான்.

“உணவுத் தொழில்நுட்பம். டிப்ளோமா. அஞ்சாம் மட்டம்.”

“என்ட மட்டம் என்ன காக்கா?”

“பூச்சியம்,” என்றார் ஜெமீல்.

“அப்ப ஏறுறதுக்கு நிறைய இடம் இருக்கு.”

றிப்னா சிரிக்கவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. சாய்ந்தமருதுவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

இப்போது நாட்டில் எல்லாப் படிப்புக்கும் ஒரு மட்டம் உண்டு. தச்சனுக்கும் உண்டு, கலாநிதிக்கும் உண்டு. ஒவ்வொரு மட்டத்திலும் ஒருவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மட்டம் முடித்தவர் பட்டப்படிப்பின் வாசலுக்குப் போகலாம். படித்ததற்குச் சாட்சி செய்முறைக் கொப்பி. கொப்பி இல்லையென்றால் அந்த மணிகளும் இல்லை. றிப்னாவின் பெயருக்கு நேரே ‘தேர்ச்சி பெறவில்லை’ என்று எழுதியிருந்தார்கள்.

“எனக்குப் பட்டப்படிப்புக்கு இடம் வந்திரிக்கு சேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள்ள தேர்ச்சித் தாளக் குடுக்கணும். இல்லாட்டி இடம் அடுத்தாளுக்கு.”

அன்று புதன்கிழமை. காலை ஒன்பதே கால்.

“ஒண்டு கேக்கிறன்,” என்றார் ஜெமீல். “அந்தக் கொப்பிய மாத்தி எழுதச் சொல்லி ஆரும் கேட்டாங்களா?”

அவள் முதல் தடவையாக நேரே பார்த்தாள். “ஹாஜியார் கேட்டார். வகுப்பு நடக்காத நாளெல்லாம் நடந்த எண்டு எழுதட்டாம். நான் மாட்டன் எண்டுட்டன்.”

“ஏன்?”

“நடக்கல்லயே சேர்.”

ஜெமீல் எழுந்து சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

*

கிழக்கொளி உயர் தொழில்நுட்ப நிலையம் அக்கரைப்பற்று வீதியில், ஓட்டுக் கடையொன்றின் மேல் இரண்டு மாடி. வாசலில் புதுப் பெயின்ட் மணம். நாளை காலை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. படிக்கட்டுக்குக்கூட வெள்ளை அடித்திருந்தார்கள். றிப்னா ஆட்டோவிலேயே இருந்துகொண்டாள்.

பணிப்பாளர் ஸிராஜ் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் ஒருவர். றிப்னா கையெழுத்திட்ட கடிதத்தை வாசிக்காமலேயே மேசையில் வைத்தார்.

“அந்தப் புள்ள நல்ல புள்ள. ஆனா கொப்பி குடுக்கல்ல. நான் என்ன செய்யிற? இருபத்திமூணு பேர் படிச்ச. இருபத்திரண்டு கொப்பி இரிக்கு. மறைக்க ஒண்டுமில்ல. நீங்களே பாருங்க.”

பியோன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். ஸிராஜ் தொலைபேசியோடு வெளியே போனார்.

“மறைக்க ஒண்டுமில்லையாம்,” என்றான் தனஞ்சயன். “அப்பிடிச் சொன்ன ஆக்கள்தான் எங்களுக்குச் சோறு போடுறாங்க.”

இருபத்திரண்டு கொப்பிகள். நீலப் பேனை, கறுப்புப் பேனை. சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து, கோழி கிளறிய எழுத்து. ஜெமீல் முதலாவதை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். ஐந்தாவதில் பக்கம் புரட்டும் வேகம் கூடியது.

“என்ன காக்கா?”

“ஒருத்தரும் பிழை விடல்ல.”

“கெட்டிக்காரங்க.”

“பால் ஒருநாளும் திரையல்ல. ஜாம் ஒருநாளும் அடிப் பிடிக்கல்ல. இருபத்திரண்டு பேர் பத்து மாசம் சமைச்சிரிக்காங்க, ஒருத்தர்ட கையும் சுடல்ல.”

“என்ட பொஞ்சாதிய இஞ்ச சேத்து விடணும்.”

இது ஆதாரம் இல்லை. ஜெமீலுக்குத் தெரியும். நன்றாகச் சமைத்தோம் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அவர் தொடர்ந்து புரட்டினார். மார்ச் பதினோராம் திகதியில் விரல் நின்றது.

மாதிரி: எருமைத் தயிர். நேரம்: பிற்பகல் 2.00. உண்ட அளவு: ஒரு மேசைக்கரண்டி. விழுங்கிய பின் நாவில் நின்ற சுவை: இலேசான புளிப்பு.

அவர் அடுத்த கொப்பியை எடுத்தார். அதே திகதி, அதே இரண்டு மணி, அதே கரண்டி. அதற்கடுத்ததிலும். கடைசிக் கட்டத்தை மட்டும் ஒவ்வொரு கொப்பியிலும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். அங்கே ஸிராஜின் கையொப்பம் இருந்தது.

பிறகு தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தார். இந்த வருட நோன்பு நேர அட்டவணை இன்னும் அங்கேயே தொங்கியது. அடியில் ‘அன்பளிப்பு: அல்ஹாஜ் ஸிராஜ்’.

“மார்ச் பதினொண்டுக்கு நேர என்ன போட்டிரிக்கு, வாசி.”

தனஞ்சயன் எட்டிப் பார்த்தான். “நோன்பு பத்து.” விரலால் திகதியை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தான். “பகல் ரெண்டு மணிக்கா தயிர் தின்டவங்க?”

“அப்பிடித்தான் எழுதியிரிக்கு.”

“பொறுங்க. இதில மூண்டு பேர் எங்கட தமிழ்ப் பிள்ளைகள்.”

“மிச்சம் பத்தொம்பது.”

“பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நோன்பு விடுற நாளும் இருக்குத்தானே?”

“ஏழு பேருக்கும் ஒரே நாளிலயா? சரி எண்டு வை. பன்ரெண்டு ஆம்பிளைகள்.”

“நாக்கு நுனியில வெச்சிட்டுத் துப்பியிருப்பாங்க. பக்கத்து வீட்டு றஸ்னா அக்கா நோன்போட அப்பிடித்தான் கறிக்கு உப்புப் பாக்கிற.”

ஜெமீல் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். விழுங்கிய பின்.

தனஞ்சயன் அந்தச் சொற்களை இரண்டு தரம் வாசித்தான்.

“எழுதினது எங்கட ஆள்தான் காக்கா,” என்றான் கடைசியில், சங்கடத்தோடு. “நோன்பு நினைவு வராத ஆள். இஞ்ச உணவுப் பாடத்துக்கு ஒரே ஒரு மிஸ். வினாயகபுரத்து ஆள்.”

“வா, மேல போவம்.”

*

ஆய்வுகூடம் புதிதாக இருந்தது. தராசுக்கு மேல் பொலித்தீன் உறை. வெப்பமானிகள் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. மூலையில் ஒரு பிரிஜ், அதன் வயர் சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது. வினோஜா போத்தல்களுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அவர்களைக் கண்டதும் கையிலிருந்த லேபல் கோணலாக ஒட்டியது.

“பிரிஜ் வேலை செய்யாது, திறக்காதீங்க,” என்றாள், யாரும் கேட்காமலேயே.

ஜெமீல் பிரிஜைத் திறக்கவில்லை. அதன் கதவில் ஒட்டியிருந்த தாளை வாசித்தார். பழுப்பு ஏறிய தாள். கையால் எழுதியது.

‘நோன்பு காலத்தில் செய்முறை வகுப்பு காலை 8 முதல் 11 வரை மட்டும். சுவைப் பரிசோதனைகள் யாவும் பெருநாளுக்குப் பிறகு. வினோஜா.’

அவர் இரண்டாம் தரமும் வாசித்தார். கீழே இருபத்திரண்டு கொப்பி. இங்கே இந்தத் தாள். இந்தத் தாளை எழுதிய கை அந்தக் கொப்பிகளில் நோன்பை மறந்திருக்க முடியாது.

“நீங்க மறக்கல்ல,” என்றார் ஜெமீல்.

வினோஜா கோணல் லேபலை உரிக்கத் தொடங்கினாள்.

“வேணுமெண்டுதான் எழுதினீங்க.”

“ஓம்.”

தனஞ்சயன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “கடவுளே. நான் இவ்வளவு நேரமும் எங்கட சனத்துக்காக வெக்கப்பட்டுக்கொண்டு நிண்டனான்.”

“ஏப்ரல் மாசம் வெறும் கொப்பி இருபத்திரண்ட கொண்டுவந்து வெச்சார்,” என்றாள் வினோஜா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “எழுது, இல்லாட்டி வீட்ட போ எண்டார். ஆறு கொப்பி இடது கையால எழுதினனான். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பிடி ஒரு கொப்பி இருக்கிறதே தெரியாது. நோன்பு நாளில தயிர் தின்டதா எழுதினா, வாசிக்கிற ஆர் கண்டாலும் இது பொய் எண்டு விளங்கும். கல்முனையில சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அப்பிடித்தான் நினைச்சனான்.”

“ஆரும் கண்டாங்களா?”

“ஹாஜியார் ஒரு நாளில இருபத்திரண்டிலயும் கையெழுத்து வெச்சார். ஜூன் மாசம் முன்னோடிப் பரிசீலனைக்கு மூண்டு பேர் வந்தவங்க. ஒருத்தர் நோன்பு பிடிக்கிற ஆள். கொப்பிகள எண்ணினாங்க. திகதி வரிசையாக் கிடக்கா எண்டு பாத்தாங்க. கட்டமெல்லாம் நிரம்பியிருக்கு, மெத்த நல்லம் எண்டு சொல்லிட்டுப் போனாங்க.” அவள் உரித்த லேபலை உருட்டினாள். “இருபத்திரண்டு தரம் எழுதினன் ஐயா. ஒருத்தரும் வாசிக்கல்ல.”

இதற்குக் கோபம் வரவேண்டும் என்று ஜெமீலுக்குத் தெரிந்தது. காத்திருந்து பார்த்தார். வரவில்லை. மேசையில் கிடந்த ஒரு ஈயை விரட்டினார்.

“பதினேழாம் இலக்கம் எங்க?”

“எரிக்கச் சொன்னார்.”

“எரிச்சீங்களா?”

அவள் கண் பிரிஜ் பக்கம் போய்த் திரும்பியது. ஜெமீல் பிரிஜைத் திறந்தார். உள்ளே வெளிச்சம் வரவில்லை. நடுத் தட்டில் ஒரேயொரு தயிர்ச் சட்டி. வாயில் கடதாசி வைத்து நூலால் கட்டியிருந்தது, கடையில் விற்கிற மாதிரியே.

“தனா, மூக்க வை.”

“ஏன் காக்கா எனக்கு இந்தத் தண்டனை?” தனஞ்சயன் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். கண்ணைத் திறந்தான். “ஒண்டும் மணக்கல்ல.”

“கரண்ட் இல்லாத பிரிஜ். ஆடி மாசம். தயிர் மணக்கல்லயெண்டா அது தயிர் இல்ல.”

நூலை அவிழ்த்தார். சட்டிக்குள் பொலித்தீனில் சுற்றி, சுருட்டி வைத்த எண்பது பக்கக் கொப்பி. சுருள் விரிய மறுத்தது. மேலட்டையில் பதினேழு.

மார்ச் பதினோராம் திகதிப் பக்கத்தை எடுத்தார். கட்டங்கள் பாதி வெறுமையாக இருந்தன. எழுத்து கட்டத்தை மீறி ஓரத்துக்குப் போயிருந்தது.

‘இன்று வகுப்பு இல்லை. வீட்டில் உறைய வைத்தேன். பகலில் மணமும் இறுக்கமும் மட்டும் பார்த்தேன். நோன்பு துறந்த பிறகு 7.10க்கு உண்டேன். உம்மாவும் உண்டார். புளிப்பு கூடிவிட்டது. பால் சூடு ஆறுமுன் உறை ஊற்றினேன். என் பிழை. நாளை திரும்பச் செய்ய வேண்டும்.’

அடுத்த நாள் திரும்பச் செய்திருந்தாள். அதுவும் பிழைத்திருந்தது. மூன்றாம் நாள் சரி வந்திருந்தது. கொப்பி முழுக்க இப்படித்தான். திரைந்த பால், அடிப் பிடித்த ஜாம், ஒரு இடத்தில் விரலில் சுட்ட காயத்தின் அளவுகூட இருந்தது. ஜெமீல் நின்றபடியே பதினெட்டுப் பக்கம் வாசித்தார்.

“இது ஒண்டுதான் படிச்ச கொப்பி,” என்றாள் வினோஜா. “எரிக்க ஏலாமப் போயிட்டு.”

*

ஸிராஜ் அறைக்குத் திரும்பியபோது ஜெமீல் அவருடைய மேசையில் ஒரு கொப்பியை விரித்து வைத்திருந்தார். பதினேழாம் இலக்கத்தை அல்ல. மூன்றாம் இலக்கத்தை.

“ஹாஜியார், பத்தாம் நோன்பண்டைக்குப் பகல் ரெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“இதென்ன கேள்வி? பள்ளியிலதான். லுஹர் தொழுதுட்டு கஞ்சி அடுப்படியில நிண்ட.”

“சாட்சி?”

“ஊரே கண்டிரிக்கு.”

“அப்ப இஞ்ச தயிர் தின்டது ஆரு?”

ஸிராஜ் சிரிக்கப் பார்த்தார். ஜெமீல் விரலைக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். கட்டத்தின் தலைப்பு: ‘மேற்பார்வையாளரும் உண்டார்: ஆம் / இல்லை’. ‘ஆம்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் ஸிராஜின் கையொப்பம், திகதியோடு.

“இதில ஒண்டு. இதிலயும் ஒண்டு. மொத்தம் இருபத்திரண்டு.”

“இருபத்திரண்டு கரண்டி,” என்றான் தனஞ்சயன். “அரைச் சட்டி போயிருக்கும். ஹாஜியாருக்கு நல்ல பசி.”

ஸிராஜின் முகம் சுவரின் புதுப் பெயின்டோடு ஒத்துப்போனது. அவர் ஒவ்வொரு கொப்பியாகத் திறந்து பார்த்தார். முதல் தடவையாக வாசித்தார். ஆறாவதில் நிறுத்தினார்.

“ரெண்டுல ஒண்டுதான்,” என்றார் ஜெமீல். “கொப்பி உண்மையெண்டா நீங்க நோன்பில தின்டீங்க. நீங்க தின்னல்லயெண்டா கொப்பி பொய். எது எண்டு நீங்களே சொல்லுங்க. பள்ளியில சொன்னாலும் சரி, குழுவில சொன்னாலும் சரி.”

கள்ளன் என்று சொல்லியிருந்தால் ஸிராஜ் வழக்குப் போட்டிருப்பார். இது வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற மனிதர்.

“ஒங்களுக்கு என்ன வேணும்?”

ஜெமீல் சுருள் விழுந்த கொப்பியை முன்னால் வைத்தார். ஸிராஜ் அதைப் பார்த்ததும் கதவுப் பக்கம் திரும்பினார். அங்கே வினோஜா நின்றாள். இந்தத் தடவை அவள் கீழே பார்க்கவில்லை.

“இதில ஒரு கையெழுத்து. றிப்னாட தேர்ச்சித் தாளில ஒரு கையெழுத்து.”

ஸிராஜ் இரண்டிலும் போட்டார். இந்த முறையும் வாசிக்கவில்லை.

*

றிப்னா ஆட்டோவின் பின்சீட்டில், கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். ஜெமீல் கொப்பியையும் தாளையும் கொடுத்தார். தாளில் ‘தேர்ச்சி பெற்றார். மட்டம் 5’ என்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று உதட்டுக்குள் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“மத்தவங்களுக்கும் இதே தாள்தானா சேர்?”

“ஓம்.”

“இதே மட்டமா?”

“ஒனக்கும் அஞ்சு. அவங்களுக்கும் அஞ்சு.”

“அவங்க ஒருத்தரும் ஒரு சட்டி தயிர் கூட வெக்கல்லயே.”

ஜெமீல் மிச்சத்தையும் சொன்னார். சொல்லாமல் விட அவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. “நாளைக்குப் பத்து மணிக்குக் குழு வருது. ஒன்ட கொப்பியையும் அந்த இருபத்திரண்டையும் பக்கத்தில வெச்சு வாசிக்கச் சொன்னா எல்லாம் வெளிய வரும். மிஸ்ஸும், தாந்தான் எழுதின எண்டு குழுவிட்ட சொல்லத் தயார் எண்டுறா. நிலையத்த மூடுவாங்க. மூடின நிலையத்துத் தாள் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் செல்லாது. ஒன்ட தாளும்தான்.”

“வெள்ளிக்கிழமை குடுத்திட்டு மறுகா சொன்னா?”

“குழு நாளைக்கே போயிடும். இருபத்திரண்டு பேருக்கும் சான்றிதழ் வந்திடும். பிறகு வாற வருசத்துப் பிள்ளைகளுக்கும் இவர் வெறும் கொப்பி வாங்குவார்.”

“இடம் போனா எனக்கு?”

“வேறொரு நிலையத்தில இந்தக் கொப்பியக் காட்டிச் சோதனைக்கு இருக்கலாம். எங்க படிச்ச எண்டு கேக்காம, என்ன தெரியும் எண்டு பாத்து மட்டம் குடுக்கிற முறையும் இரிக்கு. நாலாம் மட்டத்தில தொடங்க வேண்டி வரலாம். ஒரு வருசம் போகும். ரெண்டும் ஆகலாம்.”

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. றிப்னா கொப்பியைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் அது மறுபடி சுருண்டது. இன்னொரு தரம் அழுத்தினாள்.

“அண்ணே,” என்றாள் தனஞ்சயனிடம். “நாளைக்குப் பத்து மணிக்கு இஞ்ச வர ஆட்டோ இரிக்கா?”

தனஞ்சயனிடம் ஒரு பகிடி தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டான்.

“ஒம்பதரைக்கு ஒங்கட வாசல்ல நிப்பன் தங்கச்சி.”

அவள் தேர்ச்சித் தாளை ஜெமீலிடம் நீட்டினாள்.

“இத நீங்க வெச்சிரிங்க சேர். என்ட கையில இருந்தா விடியிறதுக்குள்ள மனசு மாறும்.”

ஜெமீல் வாங்கிக்கொண்டார். கையொப்பத்தின் மை இன்னும் காயவில்லை. அவர் அதை மடிக்காமல், மை கலையாமல், ஓரத்தில் பிடித்தபடி ஆட்டோவில் ஏறினார்.